வீட்டில் ஒரு சந்தேகம்

போன மாதம் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியர்கள் மூன்று பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மூவரும் ஒரு காலத்தில் என் கீழ் வேலை பார்த்தவர்கள். காபி ஆறுவதற்குள் வழக்கமான புலம்பல் தொடங்கிவிட்டது. அல்ஜிப்ரா வருகிறது, டிரிக்னாமெட்ரி வருகிறது, கால்குலஸ் என்றதும் பிள்ளைகள் முழிக்கிறார்கள். ஒரு கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனாவை மூடி வைத்துவிடுகிறார்கள்.

"ஏன் சார், இது ஒண்ணு மட்டும் ஏற மாட்டேங்குது?" என்றான் ஒருவன். அவனுக்கே ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. எனக்கு அவன் இன்னும் 'அவன்'தான்.

"யாருக்கு ஏற மாட்டேங்குது? உருப்போடுதவனுக்கு அத மாதிரி லேசான பாடம் கிடையாதுடே. பவரைக் கீழ இறக்கு, மேல ஒண்ணைக் குறை, முடிஞ்சு போச்சு. அர்த்தம் கேக்குதவனுக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

கிழவன் குதர்க்கம் பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள். சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் சொன்னது குதர்க்கம் இல்லை என்பதற்கு ஒரு துண்டு வியாபாரி சாட்சி. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் வாசுதேவநல்லூர். பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தேன். படித்தேன் என்பதைவிட எழுதி எடுத்தேன் என்பதுதான் பொருத்தம். பேராசிரியர் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவோம். நல்ல மார்க்குதான் வந்தது. ஆசிரியர் பயிற்சிக்கான பி.டி. படிக்க இடம் கிடைக்கவில்லை. சும்மா இருந்தால் வயலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், தென்காசியில் ஒரு டுட்டோரியலில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது.

பட்டப்படிப்புக்கு முந்தைய படியாக இருந்த அந்தக் காலத்து பி.யூ.சி. பற்றி இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடம் முழுவதும் தமிழில் படித்துவிட்டு வருகிற பையன், கல்லூரி வாசலை மிதித்த மறுநாளே எல்லாவற்றையும் இங்கிலீஷில் கேட்க வேண்டும். இருப்பது ஒரே வருஷம். 'குட் மார்னிங்' சொல்லிப் பழகுவதற்குள் தீபாவளி வந்துவிடும்; அதற்கப்புறம் கால்குலஸ் வந்துவிடும். மார்ச்சில் கணக்கில் கோட்டைவிட்டவர்கள் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். இடைப்பட்ட மாதங்கள்தான் டுட்டோரியலுக்கு அறுவடைக் காலம். ஊரே குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருக்கும்போது, எங்கள் பையன்கள் கூலக்கடை பஜாரில் பருத்திவிதைக் கடை மாடியில் புண்ணாக்கு வாசனையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

டுட்டோரியலின் பிரின்சிபால் ஆவுடையப்பன் சார். உயர்நிலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. மெதுவாகப் பேசுவார், எதிரில் இருப்பவர் தானாகவே முன்னால் குனிந்து கேட்பார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வோம். வகுப்பு நடக்கும்போது உள்ளே வர மாட்டார். வெளியே தாழ்வாரத்தில் நின்று, சுவரைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பழைய வினாத்தாள்களை மேசையில் பரப்பினார். நீலப் பென்சிலும் ஸ்கேலும் எடுத்தார். ஒவ்வொரு தாளிலும் கால்குலஸ் கேள்விகளைத் தேடி, அவற்றின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். வெறுங்கையால் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எல்லாத் தாளிலும் கோடு போட்டு முடித்ததும், மிச்சம் இருந்த கேள்விகளைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

"பாத்தீரா? இத மட்டும் ஒழுங்காப் படிச்சாலே பையன் கரையேறிருவான். சாய்ஸ்ல விட வேண்டியத விட்டுரணும். நம்ம போர்டுல கால்குலஸ் எழுதப்படாது வே. எழுதினா, தெரிஞ்சதும் சேந்து குழம்பிரும்."

அவர் கணக்குத் தப்பவில்லை. அவர் சொன்னபடி படித்தவர்கள் கரையேறத்தான் செய்தார்கள். கால்குலஸின் வாசலைக்கூட மிதிக்காமல் கணக்கில் தேறி வெளியேறியவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர்.

அந்த வருஷம் ஜூன் கடைசியில் ஒருநாள், நாற்பதைத் தாண்டிய ஒருவர் மாடி ஏறி வந்தார். கைலி, வெள்ளைச் சட்டை, தொப்பி. பெயர் காதர் மைதீன். வீட்டில் தறி போட்டிருந்தார். சீசன் வந்துவிட்டால் ஐந்தருவியில் கடை போட்டு, குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும் கைலியும் விற்பார். எட்டாவது வரை படித்தவர்.

"கணக்கு வகுப்புல சேரணும் சார்" என்றார்.

"பையன் வரலியா?" என்றார் பிரின்சிபால்.

"பரீட்சை எம் மவளுக்கு சார். குத்தாலத்துல பொம்பளப் பிள்ளைங்க காலேஜுல படிச்சா. கணக்குல மட்டும் போயிட்டு. இத்தன ஆம்பளப் பிள்ளைங்க நடுவுல அவள எப்படி அனுப்ப? நான் வந்து கேட்டுக்கிடுதேன். வீட்ல போயி அவகிட்டச் சொல்லிருவேன்."

ஆவுடையப்பன் சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

விஷயத்தைக் காதர் மைதீனே மெதுவாகச் சொன்னார். பெண்ணின் மாமா கொழும்பில் கடை வைத்திருக்கிறார். அவருடைய மகனுக்குத்தான் பெண் என்று சின்ன வயதிலேயே பேச்சு. படிப்பை நிறுத்திவிட்டு நிக்காஹ் முடிக்க வேண்டும் என்று மாமா கடிதத்துக்கு மேல் கடிதம் போடுகிறார். மகள் பி.எஸ்ஸி. கணக்குப் படிக்க வேண்டும் என்கிறாள். கடைசியில் ஓர் உடன்பாடு: செப்டம்பரில் ஒரே ஒருமுறை எழுதட்டும். பாஸானால் அவள் இஷ்டம். தவறினால் மாமா இஷ்டம்.

பிரின்சிபால் சேர்த்துக்கொண்டார். இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டார். காதர் மைதீன் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். அடுத்தது எனக்கு.

"நீரு கல்யாணம் ஆகாதவரு. உம்ம கையெழுத்துல ஒரு துண்டுத் தாள்கூட அந்த வீட்டுக்குப் போகப்படாது. சொல்லுததெல்லாம் வாயாலதான். எழுதணும்னா அவரே எழுதிக்கிடட்டும்."

காதர் மைதீன் தலையசைத்தார். அவருக்கும் அதுதான் சரியென்று பட்டிருக்க வேண்டும்.

ஆக, என் கடைசி பெஞ்சில் என்னைவிட இருபது வயது மூத்த மாணவர். பையன்கள் இரண்டு நாள் கேலி செய்து பார்த்தார்கள். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போர்டில் இருப்பதைப் படம் வரைவதுபோல அப்படியே தாளில் இறக்கிக்கொள்வார். மறுநாள் வகுப்பு முடிந்ததும் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஒரு சந்தேகம் சார்" என்பார். சந்தேகத்தை மனப்பாடமாகச் சொல்வார். நான் பதில் சொல்வேன். அதை உதடு அசைய ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மகளின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜூலையில் ஒருநாள் வேறு மாதிரி செய்தி வந்தது.

"கால்குலஸ் எப்ப நடத்துவீங்கன்னு கேக்கா சார்."

"அது இங்க கிடையாதுன்னு சொல்லுங்க. அத விட்டாலும் பாஸாயிரலாம்."

மறுநாள் பதில் வந்தது. "'அதுலதான் தோத்தேன் வாப்பா. அத விட்டுட்டு மேல போயி எதப் படிக்க? பி.எஸ்ஸி.யில முழுசும் அதுதான'ன்னு சொல்லுதா சார்."

நான் பிரின்சிபாலிடம் போய் நின்றேன். தாழ்வாரத்தில் நின்று எல்லாவற்றையும் ஏற்கெனவே கேட்டிருந்தார். இந்த முறை கண்ணாடியை நன்றாகவே துடைத்தார்.

"இருக்கது ரெண்டு மாசம். கால்குலஸப் பிடிச்சா கையில இருக்கதும் நழுவிரும். அந்தப் பிள்ளைக்கு ஒரே ஒரு தடவதான் வே சான்ஸு. நம்ம போர்டுல நான் விட மாட்டேன். வெளிய சொல்லிக்குடுக்கது உம்ம பாடு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் அங்கேதான் வகுப்பு. சாரல் அடித்துக்கொண்டிருக்கும். கீற்றுக் கொட்டகையில் துண்டுகள் அடுக்கியிருக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி மேல் நான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு சிலேட் வாங்கி வைத்திருந்தார். நான் சிலேட்டில் எழுதுவேன், அவர் தாளில் எழுதிக்கொள்வார், நான் அழித்துவிடுவேன். என் கையெழுத்து அந்த வீட்டுக்குப் போகவில்லை. நடுநடுவே யாராவது ஈரத்தலையோடு வந்து துண்டு கேட்பார்கள். சரியாக முக்கியமான வரியில்தான் வருவார்கள்.

முதல் இரண்டு வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. "வீட்ல ஒண்ணு சொல்லச் சொன்னா சார்" என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். "'வாப்பா சுருக்கினதையெல்லாம் நான் விரிச்சுக்கிட்டேன், சார் கவலப்பட வேண்டாம்'னு."

என்ன சுருக்கினார்? தாளை வாங்கிப் பார்த்தேன். டி ஒய் பை டி எக்ஸ் என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் ஒய் பை எக்ஸ் என்று இருந்தது. பின்னத்தில் மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து இருந்தால் அடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார். சார் ஏதோ ஞாபகத்தில் அடிக்காமல் விட்டுவிட்டார், அதைச் சுட்டிக்காட்டுவது மரியாதை இல்லை என்று, என் மானத்தைக் காப்பாற்ற அவரே ஒவ்வொரு டி-யையும் அடித்துச் சுருக்கிக் கொண்டுபோயிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் துண்டு வாங்க வந்தவர் இரண்டடி பின்னால் போனார். காதர் மைதீனும் சிரித்தார். "வீட்லயும் இப்படித்தான் சார் சிரிச்சா" என்றார்.

ஆனால் அடுத்த வாரம் வந்த சந்தேகத்துக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு சார்பை டிஃபரன்ஷியேட் செய்வதற்கு அடிப்படை முறை ஒன்று உண்டு. எக்ஸைக் கொஞ்சம் நகர்த்தி எக்ஸ் கூட்டல் எச் ஆக்க வேண்டும். விடை எவ்வளவு மாறியது என்று பார்த்து அதை எச்சால் வகுக்க வேண்டும். கடைசியில் எச்சைப் பூஜ்யமாக்க வேண்டும். நானும் கல்லூரியில் எத்தனையோ முறை எழுதிய வரிகள்தான்.

"'எச்சால வகுக்கும்போது எச்சு பூஜ்யம் இல்லன்னு சொல்லுதாங்க. பூஜ்யத்தால வகுக்கக்கூடாதுல்லா? அடுத்த வரியிலயே எச்சு பூஜ்யம்னு போட்டு அழிச்சிருதாங்க. பூஜ்யமா இல்லியா, ஒண்ணு சொல்லுங்க'ன்னு கேக்கா." பிறகு தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார்: "யாவாரத்துல இப்படி மாத்தி மாத்திப் பேசினா களவும்பாங்க சார்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று வருஷம் பி.எஸ்ஸி. படித்தவர்களில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி. "எச்சு பூஜ்யத்தை நோக்கிப் போகுது, போய்ச் சேராதுன்னு சொல்லுங்க" என்றேன்.

அடுத்த ஞாயிறு பதில் தயாராக வந்தது. "'போய்ச் சேரலன்னா அத எப்படி எடுத்து எறிஞ்சாங்க'ன்னு கேக்கா சார்."

அந்த வாரம் முழுவதும் எனக்கு நிம்மதி இல்லை. பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். நாலு இங்கிலீஷ் வாக்கியங்களில் பதில் இருந்தது. ஆனால் அதைக் காதர் மைதீன் தலையில் ஏற்றி அனுப்ப முடியாது; எழுதியும் அனுப்ப முடியாது. அவர் வழியாகப் போகிற பதில் முதலில் அவருக்குப் புரிந்தாக வேண்டும். பரீட்சைக்கோ ஒரு மாதம்தான் இருந்தது. என்னால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

அடுத்த ஞாயிறு போனதும் சிலேட்டைத் தொடவில்லை. தறியைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

"நெய்த துணி ஒரு உருளையில சுத்திக்கிட்டே வரும்லா? ஒரு சுத்துக்கு எவ்வளவு துணி ஏறும்?"

"அது ஒரே மாதிரியா ஏறும்? துணி சேரச் சேர உருளை பருத்துரும். பெறவு சுத்துக்குக் கூட ஏறும்."

"சரி. இப்ப, இந்த நிமிஷத்துல, சுத்துக்கு என்ன கணக்குல ஏறுது? அத எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஒரு சுத்து சுத்திப் பாக்கணும்."

"சுத்தி முடிக்கதுக்குள்ள உருளை பருத்துருமே."

"அப்ப அரைச் சுத்து."

"அதுலயும் பருக்கும்லா?"

அவர் யோசித்தார். ஒருவர் கைலி கேட்டு வந்தார்; விரித்துக் காட்டி, மடித்துக் கொடுத்து, சில்லறையும் எண்ணிக் கொடுத்துவிட்டு அதே இடத்துக்கு வந்து உட்கார்ந்தார். "விரற்கடை சுத்தினாலும் பருக்கும் சார். ஆனா அது கொஞ்சந்தான். குறைச்சுச் சுத்தச் சுத்தக் கணக்கு சரிக்குக் கிட்ட வரும்."

"சுத்தவே இல்லன்னா?"

"துணியே ஏறாதே. பெறவு கணக்கு ஏது?"

"அதான் பூஜ்யத்தப் பூஜ்யத்தால வகுக்கது. அங்கன கணக்கே கிடையாது. ஆனா சுத்தக் குறைச்சுக்கிட்டே போனா, எந்த எண்ணுகிட்டப் போகுதுன்னு தெரிஞ்சுரும்லா? அந்த எண்ணுதான் விடை. எச்ச யாரும் பூஜ்யமாக்கல. அது சின்னதாகும்போது கணக்கு எங்க போகுதுன்னு பாத்து எழுதுதோம். அவ்வளவுதான்."

வழக்கமாக உதடு அசைத்துச் சொல்லிப் பார்ப்பவர் அன்று அப்படிச் செய்யவில்லை. "இது மறக்காது சார்" என்றார்.

ஞாயிறு வரை காத்திருக்காமல் மறுநாளே மாடி ஏறி வந்துவிட்டார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தறிகிட்டப் போயி உருளையச் சுத்திச் சுத்திப் பாத்தா சார். பெறவு நூல எடுத்து உருளையச் சுத்தி அளந்தா. 'அது எந்த எண்ணுன்னு கிடைச்சுட்டுன்னு சாரிட்டச் சொல்லுங்க வாப்பா. உருளையோட சுத்தளவுதான். தறி நிக்கும்போதும் அது அங்கனயேதான இருக்கு'ன்னா."

உருளையின் உதாரணம் என்னுடையதுதான். ஆனால் அந்த எண் உருளையின் மேலேயே, கையால் தொடும்படி இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றுதான் எனக்கே கால்குலஸ் விளங்கியது என்று சொன்னால் மிகையில்லை. வேலைக்கு வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை.

செப்டம்பரில் மகளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போய் எழுத வைத்தார். முடிவு வரும்வரை அவரை நான் பார்க்கவில்லை. வந்த அன்று மாடி ஏறி வந்து, தன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "பாஸாயிட்டா சார்" என்றார் பிறகு.

மயிரிழையில்தான் பாஸ். கால்குலஸ் கேள்வியை ஆர்வத்தில் விரிவாக எழுதிக்கொண்டே போய், மற்றவற்றுக்கு நேரம் போதாமல் செய்துவிட்டாள். கால்குலஸை விட்ட பையன்களில் பலர் அவளைவிட நிறைய வாங்கியிருந்தார்கள். ஆவுடையப்பன் சார் மார்க்கைப் பார்த்துவிட்டு, "நான் சொன்னேம்லா. விட்டிருந்தா நல்லா வாங்கியிருப்பா" என்றார். கொழும்பு மாமா இரண்டு மாதம் கடிதம் போடாமல் இருந்தார். பிறகு தன் மகனுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டதாக எழுதினார்.

மறு வருஷம் ஜூனில் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேர்ந்தாள். அந்தப் பெண்ணை இன்றுவரை நான் நேரில் பார்த்ததில்லை.

அதே ஜூன் மாதக் கடைசியில், புது வகுப்பு தொடங்கிய சில நாட்களில், காதர் மைதீன் வந்தார். சீசன் உச்சத்தில் இருந்தது. துண்டுகள் நன்றாகப் போகிற மாலை வேளை. கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தார். வகுப்பு முடியும்வரை கடைசி பெஞ்சில் இருந்தார். பையன்கள் போனதும் எழுந்து வந்தார்.

"ஒரு சந்தேகம் சார். உருளை நிறையத் துணி சுருட்டியாச்சு. எத்தனை சுத்துன்னு தெரியும். சுத்தச் சுத்த எப்படிப் பருத்துச்சுன்னும் தெரியும். அவிழ்க்காமலே மொத்தத் துணி எவ்வளவுன்னு சொல்லிர முடியுமா? சுத்தளவு ஒவ்வொரு இமைக்கும் மாறுதே, எத வச்சுக் கூட்ட?"

அது இன்டெக்ரல் கால்குலஸ். பாடப்புத்தகத்தில் அடுத்த அத்தியாயம்.

"காலேஜுல அதுக்குள்ள இத ஆரம்பிச்சுட்டாங்களா? வீட்ல கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல சார்." அவருக்குக் கூச்சமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். "அவகிட்டக் கேட்டேன். 'என் சந்தேகத்தயெல்லாம் நீங்க கொண்டுபோனீங்க. உங்க சந்தேகத்தயும் நீங்களே கொண்டுபோங்க வாப்பா'ன்னுட்டா. இது எனக்குத்தான் சார்."

சாக்பீஸை எடுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தப் போர்டில் கால்குலஸ் எழுதக் கூடாது. தாழ்வாரத்தில் பிரின்சிபால் நிற்பது தெரிந்தது. அவர் உள்ளே வந்தார். வகுப்பறைக்குள் அவர் வந்து நான் பார்த்தது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இவருக்குப் பரீட்ச கிடையாதுல்லா" என்றார். "போர்டுலயே எழுதும் வே."